மரத்துப்போன கை யாருடையது?

'பர்ன்-அவுட்' என்பதற்குத் தமிழில் இன்னும் ஒரு சொல் நிலைக்கவில்லை. செய்தித்தாள்கள் 'பணிச்சோர்வு' என்று எழுதுகின்றன. எனக்கு அதில் திருப்தி இல்லை. சோர்வு என்றதுமே தூங்கி எழுந்தால் சரியாகிவிடும், ஒரு வாரம் லீவு போட்டு ஊருக்குப் போய்வந்தால் தெளிந்துவிடும் என்ற ஆறுதலும் கூடவே வந்துவிடுகிறது. நைட் டியூட்டி முடித்து வரும் ஹவுஸ் சர்ஜன்களும் ஸ்டாஃப் நர்ஸ்களும் தங்களுக்குள் பேசும்போது இந்தச் சொல்லைத் தொடுவதில்லை. "மொதல்லலாம் அழுவேன், இப்ப மரத்துப்போச்சு" என்கிறார்கள். கலைச்சொல் உருவாக்குபவர்கள் கவனிக்காமல் விட்ட இந்தப் பேச்சுவழக்குதான் சரியான சொல் என்று நினைக்கிறேன். ஏனென்றால் 'எரிந்து தீர்ந்தவர்' என்ற ஆங்கிலப் பெயர் டாக்டர்களுக்கு வருவதற்கு முன்பு நோயாளிகளிடம் இருந்தது. அதுவும் தோல் மரத்துப்போகும் ஒரு நோயின் நோயாளிகளிடம்.

கிரகாம் கிரீன் 1959-ல், அன்றைய பெல்ஜியன் காங்கோவில் இருந்த யோண்டா தொழுநோயாளர் குடியிருப்பில் போய்த் தங்கினார். அதிலிருந்து வந்த நாவல் 'எ பர்ன்ட்-அவுட் கேஸ்'. ஆங்கிலத்தில் 1961-ல் வெளியானது. நோய் தின்னக்கூடியதை எல்லாம் தின்று முடித்தபின் அடங்கிவிட்ட நோயாளியைத்தான் நாவலில் அப்படிச் சொல்கிறார்கள். கிருமி போய்விட்டது, விரல்களும் போய்விட்டன. கால்விரலும் கைவிரலும் இழந்த டியோ கிராசியாஸ் என்ற பணியாள் அப்படி ஒருவன். அவன் யாருக்கு வேலை செய்கிறானோ அந்த குவெரி, உலகப் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர். ஆசை, நம்பிக்கை, காதல் எதுவும் மிச்சமில்லாமல் அங்கே வந்து சேர்ந்தவர். தலைப்பு இருவருக்கும் பொருந்துகிறது என்பதுதான் நாவலின் சாமர்த்தியம். அந்தச் சாமர்த்தியம் எனக்கு உறுத்துகிறது. ஒரு காங்கோ நோயாளியின் விரலில்லாத கை, ஓர் ஐரோப்பியரின் ஆன்மாவைக் காட்டும் கண்ணாடியாக ஆகிவிடுகிறது. டியோ கிராசியாஸ் இரவில் காட்டுக்குள் எங்கோ தேடிப் போகிறான், குழியில் விழுகிறான், குவெரி அவன் பக்கத்தில் விடிய விடிய இருக்கிறார். நாவலின் மிக நல்ல பகுதி அது. ஆனால் அந்த இரவுக்குப் பிறகு நாம் அறிய வருவது குவெரியைப் பற்றித்தான்.

விரல்கள் ஏன் போகின்றன? கிருமி அரித்துத் தின்கிறது என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள். அதை மாற்றியவர்களில் முக்கியமானவர், கொல்லிமலையில் 1914-ல் பிறந்து வேலூர் சி.எம்.சி.யில் 1946 முதல் பணியாற்றிய அறுவை சிகிச்சை நிபுணர் பால் பிராண்ட். நோய் நரம்பைத் தாக்குகிறது, வலி போய்விடுகிறது, வலி இல்லாததால் அந்த மனிதர் தன் கையைத் தானே சிதைத்துக்கொள்கிறார் என்பதை அவர் நோயாளிகளோடு கூடவே இருந்து கண்டறிந்தார். தணலில் விழுந்த கிழங்கை வெறுங்கையால் எடுத்துக் கொடுக்கும் முதியவர். யாராலும் திருப்ப முடியாத துருப்பிடித்த பூட்டைத் திறந்துவிட்டு, விரல் எலும்புவரை கிழிந்தது தெரியாமல் நிற்கும் பையன். இரவில் எலி வந்து விரலைக் கடித்துத் தின்பதுகூடத் தெரியாமல் தூங்குகிறவர்கள். சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகும் நோயாளிகளுக்கு அவர் குழு ஆளுக்கொரு பூனையைக் கொடுத்தனுப்பியது. மருத்துவ வரலாற்றில் எனக்கு இவ்வளவு பிடித்த மருந்துச்சீட்டு வேறில்லை.

சரி, இதற்கும் இலக்கிய விமர்சனத்துக்கும் என்ன சம்பந்தம்? வேறோர் இடத்தில் புழங்கிய இதே சொல் டாக்டர்களிடம் எப்படி வந்தது என்று பார்த்தால் தெரியும். 1974-ல் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர், நியூயார்க்கில் தான் உழைத்த இலவச மருத்துவமனையின் தன்னார்வலர்களைப் பற்றி (தன்னையும் சேர்த்துத்தான்) எழுதிய கட்டுரையில் 'பர்ன்-அவுட்' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். பகலில் சொந்தத் தொழில், இரவில் இலவச சேவை என்று ஓடியவர் அவர். அந்தச் சொல் அவர் காதுக்குப் போதைப் பழக்கத்துக்கு ஆளானவர்களின் கொச்சை வழக்கிலிருந்து வந்தது என்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும், நோயாளியின் பக்கத்திலிருந்த ஒரு சொல் அவரைக் கவனிப்பவரின் பக்கம் நகர்ந்துவிட்டது. பிறகு கிறிஸ்டினா மஸ்லாக் 1981-ல் அதை அளக்க ஒரு கேள்விப்பட்டியல் கொண்டுவந்தார். அதில் மூன்று கூறுகள். உணர்ச்சி வற்றிப்போதல் ஒன்று. தன் வேலையால் எந்தப் பயனும் இல்லை என்ற எண்ணம் இன்னொன்று. நடுவில் இருப்பதுதான் விவகாரமானது: எதிரில் இருப்பவர் மனிதராகத் தெரியாமல் பொருளாகத் தெரிய ஆரம்பிப்பது. 'ஏழாம் நம்பர் பெட் கால்ப்ளாடர்' என்று ஒரு ஆளைக் குறிப்பிடும்போது நடப்பது. மற்ற இரண்டு கூறுகளிலும் பாதிப்பு டாக்டருக்கு, நர்ஸுக்கு. இதில் பாதிப்பு யாருக்கு?

உவமை உடைகிற இடம் இதுதான். தொழுநோயில் மரத்துப்போனவரின் கையே தணலில் வேகிறது. ஆஸ்பத்திரியில் ஒருவர் மரத்துப்போனால் வேகிறது இன்னொருவரின் கை. மருத்துவப் பணியாளர்களின் சோர்வைப் பற்றிய கதைகளை, நாட்குறிப்புகளை, சீரியல்களை நான் படிக்கும்போது கேட்கும் கேள்வி இது ஒன்றுதான்: அந்த இன்னொரு கை சட்டகத்துக்குள் இருக்கிறதா?

செகாவில் இருக்கிறது. 'ஆறாவது வார்டு' 1892-ல் வந்தது. பைத்தியக்கார ஆஸ்பத்திரிக் கதை, ரஷ்யாவே ஒரு சிறை என்பதன் குறியீடு என்றெல்லாம் நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. குறியீட்டை ஓரமாக வைத்துவிட்டு ஒரு டாக்டரின் பணி வரலாறாக அதைப் படித்துப் பாருங்கள். ஆந்திரேய் எஃபீமிச் ராகின் அந்தச் சிற்றூருக்கு வரும்போது ஆஸ்பத்திரி எப்படி இருக்கிறது? ஆஸ்பத்திரி முழுவதற்கும் இரண்டே அறுவைக் கத்திகள். ஒரு தெர்மாமீட்டர்கூடக் கிடையாது. குளியல் தொட்டிகளில் உருளைக்கிழங்கு. ராகின் ஆரம்பத்தில் மாடாக உழைக்கிறார். காலையிலிருந்து மதியம்வரை நோயாளிகள், ஆபரேஷன், பிரசவம்கூடப் பார்க்கிறார். பிறகு அலுப்பு வருகிறது. அது எப்படி வருகிறது என்பதை செகாவ் மனோதத்துவமாக விளக்குவதில்லை, கணக்காகச் சொல்கிறார். இன்றைக்கு முப்பது பேர், நாளைக்கு முப்பத்தைந்து, அதற்கு மறுநாள் நாற்பது. சாவு குறைவதில்லை, நோய் நிற்பதில்லை. நாற்பது பேரை ஒரு காலைப்பொழுதில் ஒழுங்காகப் பார்ப்பது மனித உடம்பால் முடியாத காரியம். அப்படியென்றால் ஆண்டறிக்கையில் பன்னிரண்டாயிரம் நோயாளிகள் என்று எழுதினால், பன்னிரண்டாயிரம் பேரை ஏமாற்றியிருக்கிறோம் என்றுதானே பொருள்?

இந்தக் கணக்கில் பிழை இல்லை. நம் ஊர் அரசு ஆஸ்பத்திரி ஓ.பி.யில் ஒரு காலை உட்கார்ந்து பார்த்தவர்கள் யாரும் மறுக்க முடியாது. ராகின் சரியாகக் கண்டுபிடித்துவிடுகிறார். கண்டுபிடித்த பிறகு அவர் செய்வதில்தான் கதை இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போவதைக் குறைத்துக்கொள்கிறார். உதவியாளர் பார்த்துக்கொள்வார். இவர் வீட்டில் புத்தகம் படிக்கிறார், பக்கத்தில் கொஞ்சம் வோட்கா, ஒரு வெள்ளரிக்காய். துன்பம் என்பது மனதின் கற்பனை, ஞானிக்குச் சிறையும் மாளிகையும் ஒன்று என்று ஒரு தத்துவமும் மெல்ல அமைந்துவிடுகிறது. மரத்துப்போனவர் 'நான் மரத்துப்போய்விட்டேன்' என்று சொல்லிக்கொள்வதே இல்லை. 'நான் பக்குவப்பட்டுவிட்டேன்' என்றுதான் சொல்லிக்கொள்வார். இதை செகாவ் அளவுக்குக் கண்டு எழுதிய இன்னொருவரை நான் படித்ததில்லை.

அவருக்குப் பதில் சொல்வது ஒரு நோயாளி. ஆறாவது வார்டில் அடைக்கப்பட்டிருக்கும் குரோமவ். அவனுடைய வாதம் ஏறத்தாழ ஓர் உடற்கூறியல் வகுப்பு. உயிருள்ள திசு என்றால் தூண்டலுக்கு எதிர்வினை காட்டும். வலித்தால் கத்துவேன், அயோக்கியத்தனத்தைக் கண்டால் கொதிப்பேன். உயிர் என்றால் அதுதான். உனக்கு வலி என்றால் என்னவென்று தெரியாது, உன்னை யாரும் அடித்ததில்லை, அதனால்தான் உனக்குத் தத்துவம் வருகிறது. வேலூரில் பிராண்ட் கண்டறிந்ததை அரை நூற்றாண்டுக்கு முன்பே ஒரு கற்பனை நோயாளி சொல்லிவிட்டான் என்று எனக்குத் தோன்றும். கொஞ்சம் மிகைதான், இருக்கட்டும்.

கடைசியில் ராகினையே அந்த வார்டில் தள்ளிப் பூட்டுகிறார்கள். காவல்காரன் நிகீத்தா, அத்தனை வருடங்களும் நோயாளிகளை அடித்துக்கொண்டிருந்தவன், இவரையும் அடிக்கிறான். வாயில் ரத்தம் உப்புக் கரிக்கும்போதுதான் அவருக்கு உறைக்கிறது: இதே வலியை இந்த மனிதர்கள் இருபது வருடத்துக்கு மேலாக அனுபவித்திருக்கிறார்கள். இத்தனை காலமும் எனக்கு அது தெரியாமல் போனது எப்படி? மறுநாள் இறந்துபோகிறார். செகாவ் அவரை மன்னிப்பதில்லை, வில்லனாக்குவதும் இல்லை. நாற்பது பேர் கணக்கும் உண்மை, நிகீத்தாவின் முஷ்டியும் உண்மை. இரண்டும் ஒரே கதையில் இருக்கின்றன.

அதே 1892-ல் செகாவ் மேலிகவோவில் காலராத் தடுப்புக்குச் சம்பளம் வாங்காத டாக்டராக இருந்தார். இருபத்தைந்து கிராமங்கள், நான்கு தொழிற்சாலைகள், ஒரு மடாலயம் அவர் பொறுப்பில். அந்தக் கோடையில் எழுதிய கடிதங்களில் புலம்புகிறார். எந்நேரமும் வயிற்றுப்போக்கு பற்றியே யோசிக்க வேண்டியிருக்கிறது, ராத்திரி நாய் குரைத்தாலே வாசலில் ஆள் வந்துவிட்டதோ என்று பதறுகிறேன், அலுத்துவிட்டது என்கிறார். ராகினை எழுதிய கைக்கு அலுப்பு என்றால் என்னவென்று நன்றாகவே தெரியும்.

செகாவிலிருந்து சாமுவேல் ஷெமுக்கு வருவது கொஞ்சம் சரிவுதான். 'தி ஹவுஸ் ஆஃப் காட்' 1978-ல் வந்தது. ஷெம் என்பது ஸ்டீபன் பெர்க்மன் என்ற மனநல மருத்துவரின் புனைபெயர். பாஸ்டனில் தான் பயிற்சி மருத்துவராக இருந்த வருடத்தை வைத்து எழுதினார். அமெரிக்க மருத்துவ மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கையிலிருந்து கைக்குக் கொடுத்துப் படித்த நாவல். நீண்டகாலமாகப் படுக்கையில் கிடக்கும் முதியவர்களுக்கு அதில் ஒரு பட்டப்பெயர் உண்டு: 'கோமர்'. 'என் எமர்ஜென்சி அறையை விட்டு வெளியே போ' என்பதன் சுருக்கம். ஒரு நோயாளியை வேறு வார்டுக்குத் தள்ளிவிடுவதற்கும் ஒரு சொல் உண்டு. இந்த இரண்டு சொற்களும் நாவலிலிருந்து பரவி உண்மையான ஆஸ்பத்திரிகளில் புழங்கின. ஒரு புத்தகத்துக்கு இதைவிடப் பெரிய வெற்றி இருக்க முடியாது, இதைவிடப் பெரிய அவமானமும் இருக்க முடியாது.

நாவலுக்கு நியாயமாக இருக்க வேண்டும். ஃபேட் மேன் என்ற சீனியர் பாத்திரம் அந்தக் கொடூரமான நகைச்சுவையை எல்லாம் சொல்லிக்கொண்டே, அதே முதியவர்களிடம் பிரியமாக இருக்கிறான், அவர்களும் அவனை விரும்புகிறார்கள். பாட்ஸ் என்ற பயிற்சி மருத்துவன், ஒரு நோயாளிக்கு நேர்ந்ததற்குத் தானே காரணம் என்ற எண்ணத்திலிருந்து மீளாமல் தற்கொலை செய்துகொள்கிறான். அந்தப் பக்கங்களில் சிரிப்பு நின்றுவிடுகிறது. ஆனால் படித்தவர்கள் கற்றுக்கொண்டது ஃபேட் மேனின் பிரியத்தை அல்ல, அவனுடைய ஜோக்கை. நர்ஸ்களைப் பற்றி அந்த நாவல் எழுதியிருப்பதை இன்றைக்குக் கூச்சமில்லாமல் படிக்க முடியாது. அவர்களுக்கு உடம்பு மட்டும்தான் இருக்கிறது. அவர்களும் அதே நைட் டியூட்டியில்தான் நிற்கிறார்கள் என்பது ஆசிரியருக்குத் தோன்றவேயில்லை.

நாவல் வந்து ஆறு வருடம் கழித்து, 1984 மார்ச்சில், நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் லிபி ஸயான் என்ற பதினெட்டு வயதுக் கல்லூரி மாணவி காய்ச்சலோடு சேர்க்கப்பட்டு, சில மணி நேரத்தில் இறந்துபோனாள். அவளைப் பார்த்தவர்கள் பயிற்சி நிலையில் இருந்த மருத்துவர்கள். ஒரே ராத்திரியில் ஏராளமான நோயாளிகளைக் கவனிக்க வேண்டியிருந்தவர்கள். அப்பா பத்திரிகையாளர், விடவில்லை. விசாரணை தனிப்பட்ட டாக்டர்களைத் தாண்டி, ஓய்வில்லாத பணிநேரத்தையும் மேற்பார்வை இல்லாத இரவுகளையும் நோக்கித் திரும்பியது. 1989-ல் நியூயார்க் மாநிலம் பயிற்சி மருத்துவர்களுக்கு வாரம் 80 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. 2003-ல் அது நாடு முழுக்க வந்தது. 80 மணி நேரமே ஒரு சீர்திருத்தம் என்றால் முன்பு என்ன இருந்திருக்கும்னு யோசிச்சுக்கோங்க. அந்த வரம்பைக் கொண்டுவந்தது டாக்டர்கள் எழுதிய எந்த நாவலும் இல்லை, ஒரு நோயாளியின் சாவு.

இப்போது ஆடம் கே. நம்மில் பலர் புத்தகமாகப் படித்திருப்போம், இல்லை சீரியலாகப் பார்த்திருப்போம். 'திஸ் இஸ் கோயிங் டு ஹர்ட்' 2017-ல் வந்தது. 2004 முதல் 2010 வரை பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையில் மகப்பேறு மருத்துவராக இருந்தவரின் நாட்குறிப்பு. ஒவ்வொரு பக்கத்திலும் சிரிப்பு வரும், உண்மையாகவே வரும். உடம்புக்குள் விசித்திரமான பொருட்களோடு வருபவர்கள், அபத்தமான கேள்வி கேட்கும் கணவர்கள், காரிலேயே தூங்கிப்போகும் டாக்டர். கடைசிப் பதிவில் ஒரு சிசேரியன். நஞ்சுக்கொடி கீழே இறங்கி கர்ப்பப்பை வாயை மறைத்திருப்பது முன்கூட்டியே கண்டுபிடிக்கப்படவில்லை. குழந்தை இறந்துபோகிறது. ரத்தப்போக்கில் தாயின் கர்ப்பப்பையை எடுக்கிறார்கள். உன் தப்பில்லை என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். சில மாதங்களில் அவர் மருத்துவத்தை விட்டுவிடுகிறார்.

அந்தப் பதிவு என்னை உலுக்கியது. கூடவே ஒரு சங்கடமும் வந்தது. அதுவரை இருநூறு பக்கத்துக்கும் மேல் நாம் யாரைப் பார்த்துச் சிரித்தோம்? பெரும்பாலும் வலியில் மல்லாந்து கிடக்கும் பெண்களைப் பார்த்து. பிரிட்டனில் பெண்கள் சிலர் இதைச் சொல்லிக் கோபப்பட்டார்கள். கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஜோக் இந்தப் புத்தகத்தில் மயக்கமருந்து வேலையைச் செய்கிறது. எழுதுகிறவருக்கு வலி தெரியாமல் இருக்கப் போட்டுக்கொண்ட ஊசி. வாசிக்கிற நமக்கும் அதே டோஸ். அந்தத் தாய் பெயரில்லாமல் ஐ.சி.யு.வுக்குப் போகிறாள், புத்தகம் டாக்டரோடு வெளியே வந்துவிடுகிறது. நோயாளியின் அடையாளத்தை மறைப்பது மருத்துவ நெறி, அதைக் குறை சொல்லவில்லை. அவளுக்குப் பிறகு என்ன ஆனது என்ற கேள்வியே பக்கத்தில் இல்லை என்பதுதான் என் புகார்.

2022-ல் பிபிசி சீரியலாக வந்தபோது கே தானே திரைக்கதை எழுதினார். அங்கே அவர் செய்திருக்கும் மாற்றங்கள், தன் புத்தகத்தின் மீது அவரே எழுதிய விமர்சனம் மாதிரி இருக்கின்றன. முதல் அத்தியாயத்திலேயே ஆடம் (பென் விஷா) களைத்துப்போய், எரிச்சலில், ஒரு கர்ப்பிணி சொல்வதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடுகிறான். அவள் எரிக்கா. அதன் விளைவாகக் குழந்தை குறைமாதத்தில் வெளியே எடுக்கப்பட்டு இன்குபேட்டரில் கிடக்கிறது. புத்தகத்தில் யார் தப்புமில்லாத துயரமாக இருந்தது, இங்கே ஆடமின் தப்பு. அந்தத் தப்புக்குப் பெயர் உண்டு, முகம் உண்டு, அவள் கதையிலிருந்து காணாமலும் போவதில்லை. அவன் காமிராவைப் பார்த்து நம்மிடம் ஜோக் அடிக்கும்போது, அந்த இன்குபேட்டர் எங்கோ பின்னால் இருக்கிறது என்பது நமக்குத் தெரியும். சிரிப்பு வருகிறது, ஆனால் பழைய மாதிரி வருவதில்லை.

ஷ்ருதி இன்னொரு மாற்றம். அம்பிகா மோட் நடித்த இந்த ஜூனியர் டாக்டர் புத்தகத்தில் இல்லை. நன்றாகப் படித்து வந்த ஒரு புலம்பெயர் இந்தியக் குடும்பத்துப் பெண். நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த முகம். ஆடமிடம்தான் வேலை கற்றுக்கொள்கிறாள். அவன் கற்றுத்தருவது பிரசவம் பார்ப்பதை மட்டும் அல்ல, முகத்தை எப்படி இறுக்கி வைத்துக்கொள்வது என்பதையும். வேலையில் அவள் தேறிக்கொண்டே போகிறாள், அதே வேகத்தில் உள்ளே ஏதோ அணைந்துகொண்டே போகிறது. யாரும் கவனிப்பதில்லை. நன்றாக வேலை செய்பவரிடம் நன்றாக இருக்கிறாயா என்று யார் கேட்கிறார்கள்? ஆறாவது அத்தியாயத்தில் அவள் தற்கொலை செய்துகொள்கிறாள். ஆடமின் இறுக்கத்துக்குப் பலியானவர்கள் வரிசையில் எரிக்காவுக்குப் பக்கத்தில் அவளும் நிற்கிறாள். ஒரு டாக்டரின் மரத்துப்போதல் கீழே இருக்கும் இன்னொரு டாக்டரைச் சுடும் என்று காட்டிய வகையில் இந்த சீரியல் 'ஹவுஸ் ஆஃப் காட்' போகாத இடத்துக்குப் போகிறது. 'டாக்டர்களும் பாவம்தான்' என்ற கோரிக்கை மனுவாக இருந்த ஒரு வகைமையை அங்கிருந்து நகர்த்துகிறது.

ஆனாலும் டாக்டர்தான். இதுவரை பேசிய நான்கு பேரில் மூன்று பேர் டாக்டர்கள், கிரீன் மட்டும் விதிவிலக்கு. டாக்டருக்குச் சொல்லும் உண்டு, பதிப்பாளரும் கிடைக்கிறார். ஒரு டாக்டர் வார்டைக் கடந்து போகும் நேரத்துக்கு நோயாளி பக்கத்தில் எட்டு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் நிற்பவர் நர்ஸ். சீரியலில் ட்ரேசி என்ற மருத்துவச்சி இருக்கிறாள், எல்லோருக்கும் முன்பு வந்து எல்லோருக்கும் பின்பு போகிறவள். அவள் காமிராவைப் பார்த்துப் பேசுவதில்லை. 2020-ல் உலகம் பால்கனியில் நின்று கைதட்டியது இவர்களுக்கும் சேர்த்துத்தான். கைதட்டல் ஓய்ந்த பிறகு அவர்கள் எழுதியதைப் படித்தவர்கள் எத்தனை பேர்?

கிறிஸ்டி வாட்சனின் 'தி லாங்குவேஜ் ஆஃப் கைண்ட்னஸ்' (2018) அப்படி எழுதப்பட்டவற்றில் ஒன்று. இருபது ஆண்டுகள் இங்கிலாந்தில் நர்ஸாக இருந்தவர், நாவலாசிரியரும்கூட. தலைப்பைப் பார்த்து, வாட்ஸப் காலை வணக்கம் மாதிரி ஏதோ ஒன்று என்று நான் தள்ளி வைத்திருந்தேன். கே-யின் புத்தகத்தைப் போல விறுவிறுப்பு கிடையாது. சில இடங்களில் அறிவுரைத் தொனி எட்டிப்பார்க்கிறது. ஆனால் இரக்கம் ஒருவரிடம் எப்படித் தீர்ந்துபோகிறது என்பதை அவர் நோயாளியின் பக்கத்திலேயே நின்றுகொண்டு எழுதுகிறார், ஜோக்கைக் கூப்பிடாமல். தீவிபத்தில் இறந்துபோன ஒரு சிறுமி வருகிறாள். சிகிச்சை எல்லாம் முடிந்துவிட்டது, டாக்டர்கள் செய்ய இனி எதுவும் இல்லை. நர்ஸ்கள் அவள் தலையை அலசுகிறார்கள், பல் தேய்த்துவிடுகிறார்கள். முடியில் புகைவாசம் போகவே மாட்டேன் என்கிறது. திரும்பவும் அலசுகிறார்கள். பார்க்க வரும் குடும்பத்தார் குனிந்து முத்தமிடும்போது அந்த வாசம் அவர்களுக்கு வரக்கூடாது.